திருவையாறு போகும் வேனில் ஒரு பைனாகுலர்: இசைக்குழுப் பிள்ளைகள் பறவை பார்க்கத் தொடங்க ஒரு வழிகாட்டி

தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி அன்று வரும். பெரும்பாலும் ஜனவரி, சில வருடம் பிப்ரவரி ஆரம்பம். தஞ்சைப் பக்கம் சம்பா அறுவடை நடக்கிற நேரம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி வரை திறந்து வைத்திருப்பார்கள் என்பதால் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இருக்கும். வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது. டெல்டாவில் பறவை பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. இதே நாட்களில்தான் பல ஊர்களிலிருந்து இளைஞர் இசைக்குழுக்கள் வேன் பிடித்துத் திருவையாறு போகின்றன.

அந்த வேனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பறவை பார்க்கத் தொடங்கும் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பலம் உங்களிடம் இருக்கிறது: பழகின காது. சுருதி அரை இழை இறங்கினால்கூட உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் தாளத்தில் ஓடினால் உடனே பிடித்துவிடுகிறீர்கள். பல வருடம் பறவை பார்ப்பவர்கள் கஷ்டப்பட்டு வளர்த்துக்கொள்ளும் திறமை அது. அதை மரத்தின் பக்கம் திருப்பினால் போதும், வேலை பாதி முடிந்த மாதிரி.

ஆனால் பயணத்தின் நோக்கம் பாட்டு. ஒத்திகை, சாப்பாடு, தூக்கம் இவற்றில் எதையும் பறவைக்காக வெட்டக் கூடாது. இடையில் கிடைக்கும் நேரத்தில் என்ன செய்யலாம் என்றுதான் பார்க்கப் போகிறோம். அந்த இடைவெளிகள் நினைப்பதைவிட அதிகம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால்

முதலில் குழுவை நடத்தும் ஆசிரியரிடம் பேசுங்கள். "காலையில் ஒரு மணி நேரம், நான்கைந்து பேர், ஒரு பெரியவர் துணையோடு போகிறோம். ஒத்திகைக்குக் கால் மணி முன்னாலேயே வந்துவிடுவோம்" என்று தெளிவாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. யார் துணைக்கு வருவார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு கேட்டால் எல்லோரும் களைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். போகும்போதோ வரும்போதோ ஒரு வழியாவது பகல் பயணமாக இருக்கட்டும். இரவு வண்டியில் போய் இரவு வண்டியில் திரும்பினால் பாதி டெல்டாவைத் தூக்கத்தில் கடந்துவிடுவீர்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டாம். குழுவுக்கு இரண்டு இருந்தால் தாராளம். புதிதாக வாங்குவதற்கு முன் உறவினர், பள்ளி இயற்கைக் கழகம், உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று பாருங்கள். அதன் மேல் 8×42 அல்லது 8×32 என்று எழுதியிருந்தால் நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதி விற்கும் மலிவான ரகங்களைத் தொடாதீர்கள். மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்க்கும் வட்டமும் சுருங்கிவிடும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துபோயிருக்கும்.

போனில், பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, போகிற பகுதிக்கான பறவைத் தொகுப்பையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். பிறகு இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஒரு சின்ன நோட்டு, பென்சில். காலைப் பனிக்குக் காதையும் கழுத்தையும் மூடும் மஃப்ளர் அல்லது துண்டு. தொண்டையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நீங்கள், இதை மறந்துவிடாதீர்கள். மேடைக்கான பட்டுப்பாவாடையும் வேட்டியும் பெட்டியிலேயே இருக்கட்டும். காலை நடைக்கு மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ ஒரு பழைய உடை எடுத்து வையுங்கள்.

பைனாகுலரைக் கைக்குப் பழக்குதல்

இதை வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பழகுங்கள். கையில் எடுத்ததும் முதல் வேலை, வாரைக் கழுத்தில் மாட்டுவது. பிறகு நடுவில் இருக்கும் மடிப்பை அசைத்து, இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்வரை கொண்டுவாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் வெளியே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை. தூரத்தில் ஒரு கடைப் பலகையின் எழுத்தைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து துல்லியமாகத் தெரிய வையுங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதுவும் துல்லியமானதும் அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் கை மாறி மாறி வரும்போது, உங்கள் கோட்டுக்குத் திருப்பிக்கொண்டால் போதும். வீணையை வாங்கியதும் சுருதி சேர்க்காமல் வாசிப்பீர்களா? இதுவும் அப்படித்தான்.

பறவையைப் பிடிப்பதற்கு ஒரே வழிதான். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காதீர்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து பைனாகுலரைத் தேடி, திரும்ப நிமிர்ந்தால் எந்தக் கிளை என்பதே மறந்துபோகும். உட்கார்ந்திருக்கும் காக்கையை வைத்து இதைப் பழகுங்கள். காக்கை வந்துவிட்டால் எல்லாம் வரும். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் எப்போதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

வேன் ஜன்னலில்

ஓடும் வண்டியில் பைனாகுலர் பயன்படாது, தலைதான் சுற்றும். கண்ணை மட்டும் நம்புங்கள். அதற்கு ஏற்ற இடம் மின்கம்பி. சாலையோரக் கம்பியில் உட்காரும் பறவைகளை உருவத்தை வைத்தே சொல்லிவிடலாம். நிறம் தெரிய வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்து, நீளமான வால் நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். பெரிய தலையோடு தோளைக் குறுக்கிக்கொண்டு மங்கலாக உட்கார்ந்திருப்பது பனங்காடை. அது பறக்கும் வரை காத்திருங்கள். சிறகை விரித்தால் அடர்நீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகத் தெரியும். பக்கத்து சீட்டில் தூங்குபவரையும் எழுப்பிவிடுவீர்கள். ஒல்லியாக, வளைந்த கூர்மூக்கோடு, கம்பியிலிருந்து சட்டென்று பறந்து ஒரு பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்புவது பஞ்சுருட்டான். தலை பெரிது, அலகு அதைவிடப் பெரிது என்றால் வெண்மார்பு மீன்கொத்தி. அது தண்ணீரே இல்லாத இடத்திலும் இருக்கும், பூச்சியும் ஓணானும் அதற்கு உணவு. வரிசையாகச் சின்னச் சின்னதாக இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் தகைவிலான்கள், குளிர்காலத்துக்கு வந்தவை. கம்பியில் உட்காராமல் பனைமரங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டே இருப்பது பனை உழவாரன். தகைவிலானையும் உழவாரனையும் பிரித்தறிய இந்த ஒரு குறிப்பே போதும்: உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது.

வயல்களில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கொக்கு என்று விட்டுவிடாதீர்கள். வண்டி டீக்கடையில் நிற்கும்போது அலகைப் பாருங்கள். மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, மாட்டுக்குப் பின்னாலோ அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலோ ஓடுகிறது என்றால் உண்ணிக்கொக்கு. கருப்பு அலகு, கருப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. சேற்று நிறத்தில் வரப்போரம் குறுகி நிற்கும் மடையானைப் பக்கத்தில் போகும்வரை உங்களுக்குத் தெரியாது. எழும்பினால் சட்டென்று இரண்டு வெள்ளைச் சிறகு விரியும், நாலடி தள்ளி உட்கார்ந்ததும் மறுபடி சேற்றோடு சேறாகிவிடும். இந்த ஒன்றை நன்றாகப் பார்த்துவிட்டாலே அந்தப் பயணத்துக்குப் போதும் என்பேன். அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் வாத்துகள் மேய்ந்தால் அவசரப்பட்டு எண்ணாதீர்கள். கூடவே கோலோடு ஒருவர் நிற்பார். அவை பண்ணை வாத்துகள்.

சென்னையிலிருந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் வழியாக வருகிறவர்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது விழித்திருங்கள். 2025-இல் புதிய நான்குவழிப் பாலம் திறக்கும்வரை, கீழணையின் ஒடுக்கமான பழைய பாலத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும். நீர்க்காகம், கொக்கு, நாரை ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் போகாது.

காது: உங்கள் சொந்த நிலம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒரு குரலைக் கேட்டதும் "என்ன பறவை?" என்று உடனே பெயரைத் தேடாதீர்கள். ஒரு புது ராகத்தைக் கேட்கும்போது செய்வதைத்தான் செய்ய வேண்டும். ஸ்தாயி மேலா கீழா? குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? நடை சீராக இருக்கிறதா, உடைந்து உடைந்து வருகிறதா? நாதம் குழல் மாதிரியா, மணி மாதிரியா, கரகரப்பா? இந்த நாலுக்கும் பதில் எழுதிவிட்டால் பெயர் பிறகு தானே வரும்.

சீரான நடைக்குச் செம்மார்புக் குக்குறுவான். அரசமரம், ஆலமரத்து உச்சியிலிருந்து டுக், டுக், டுக் என்று ஒரே சுருதியில், ஒரே காலப்பிரமாணத்தில் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ஆதிதாளம் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை தப்பாமல் பல ஆவர்த்தனம் போகலாம். ஆனால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கூப்பிடுவதால் சத்தம் இடம் மாறி மாறி வருவதுபோல் இருக்கும். இலை இல்லாத உச்சிக் கிளைகளில் தேடுங்கள். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

கீழ் ஸ்தாயிக்குச் செம்போத்து. புதருக்குள்ளிருந்து ஊப், ஊப், ஊப் என்று ஆழமான குரல் வரும். அவ்வளவு கனமான குரல் ஒரு பறவையிடமிருந்து வரும் என்று முதலில் நம்பமாட்டீர்கள். உடைந்த நடைக்கு ஆள்காட்டி. ஆற்று மணலிலோ தரிசு நிலத்திலோ நீங்கள் கால் வைத்ததும் ஊரைக் கூட்டிவிடும். வேகத்துக்குத் தையல்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டமே அதிரும்படி ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். இனிமை வேண்டுமென்றால் மாம்பழச்சிட்டு. நீளமாக ஒரு சீழ்க்கை இழுத்து, முடிவில் சட்டென்று கீழே இறக்கும். அந்த இறக்கத்தைக் கேட்டால் வயலின் பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

விடியலிலும் அந்தியிலும் இரண்டே ஸ்வரத்தில் ஒரு தெளிவான சீழ்க்கை கேட்டால் அது ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். குளிர்காலத்துக்கு வரும் பறவை. மரத்தடிச் சருகில் குதித்துக் குதித்து இரை தேடும் என்பதால், மேலே பார்க்காமல் தரையைப் பாருங்கள். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும்.

கரிச்சானை மட்டும் நம்பாதீர்கள். அது வைரி என்ற சின்ன வேட்டைப் பறவையின் குரலை அப்படியே எடுத்துச் சொல்லும். வைரி என்று எழுதுவதற்கு முன் ஆளைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்வரம் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். மயில் ஷட்ஜம், அன்றில் மத்யமம், குயில் பஞ்சமம் என்று மரபில் சொல்வது அழகான விஷயம். ஆனால் மரத்தில் இருக்கும் குயில் ஆதார சுருதி எதையும் பிடித்துக்கொண்டு கூவுவதில்லை, ஒவ்வொரு கூவலுக்கும் குரலை ஏற்றிக்கொண்டே போகும். அதை ஸ்வரத்தில் அடைக்க முயன்றால் கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதிவிடுவோம். அதற்குப் பதில் நோட்டில் ஒரு கோடு வரையுங்கள். குரல் ஏறினால் கோடும் ஏறட்டும், நின்றால் நேராகப் போகட்டும், விட்ட இடத்தில் இடைவெளி விடுங்கள். தாள நடையை வேண்டுமானால் சொற்கட்டிலேயே எழுதலாம், மிருதங்கப் பிள்ளைகளுக்கு அது உடனே வந்துவிடும். ஜனவரியில் குயில் அதிகம் கூவாது, கோடை நெருங்கும்போதுதான் ஓங்கும். கேட்கவில்லையே என்று ஏமாற வேண்டாம்.

மெர்லினில் சத்தத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. நல்ல உதவி. ஆனால் பக்கத்து அறையில் சுருதிப்பெட்டியும் மிருதங்கமும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திறந்து பயனில்லை. அது ஒரு பெயரைச் சொன்னால் அதை ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணோ காதோ ஒத்துக்கொண்ட பிறகே நோட்டில் ஏற வேண்டும். முதலில் உங்கள் காதால் ஊகித்துவிட்டு அப்புறம் செயலியைப் பார்க்கும் பழக்கம் இன்னும் நல்லது. வரிசை மாறினால் காது சோம்பேறியாகிவிடும்.

திருவையாற்றில் காலை ஒரு மணி நேரம்

தங்கியிருப்பது கல்யாண மண்டபமோ லாட்ஜோ, முதல் நாள் மாலையே மொட்டை மாடிக்குப் போக அனுமதி உண்டா என்று கேட்டுவையுங்கள். ஆறே கால் மணிக்கு மாடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு கிளம்பும், கொக்குகள் வரிசையாகப் போகும், தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு சேர்ந்து கீழே சண்டை போடும். எந்தத் திசையில் நடப்பது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஆற்றங்கரை. படித்துறையில் நின்றபடி அல்லது பாலத்து நடைபாதையில் நின்றபடி பாருங்கள். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நின்று, செங்குத்தாக விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அது விழும் நேரத்தைக் கணிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆற்றின் நடுவில் மணல்திட்டில் வாலை ஆட்டிக்கொண்டே ஓடுவது வாலாட்டி. வெள்ளைப் புருவம் உள்ள வாலாட்டி இங்கேயே வாழ்வது, நன்றாகப் பாடவும் செய்யும். வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்போடு மேலே வட்டமிடுவது செம்பருந்து.

தஞ்சாவூரில் தங்கி திருவையாறுக்கு வந்து போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. அந்தச் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் வரிசையாகக் கடக்கிறது. ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லி, ஏதாவது ஒரு பாலம் தாண்டி, பாதுகாப்பாக ஓரங்கட்ட இடம் இருந்தால் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பாலத்தின் மேலேயே நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆறு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிடலாம். எதில் தண்ணீர் ஓடுகிறது, எதில் நாணல் மண்டியிருக்கிறது, எதில் மணல் தெரிகிறது என்பதைப் பொறுத்துப் பறவையும் மாறும். அதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷத்தை நான் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

கரையிலும் வரப்பிலும் பேச்சுக்குப் பதில் கையை வைத்துக்கொள்ளுங்கள். பறவை எங்கே என்று காட்ட, மரத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்வது எளிது. உச்சி 12 மணி, வலது ஓரம் 3 மணி. "வேம்பு, இரண்டு மணி, பாதி உள்ளே" என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். சுட்டுவிரலை வேகமாக நீட்டினால் பறவை பறந்துவிடும், மெதுவாகக் காட்டுங்கள். ஏழேகாலுக்குத் திரும்பிவிடுங்கள். வெந்நீர், இட்லி, பிறகு ஒத்திகை.

ஆராதனை நாள் அன்று பைனாகுலர் பையிலேயே இருக்கட்டும். காலை 9 மணிவாக்கில் பஞ்சரத்னம் தொடங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்தையும் நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து பாடத்தான் வந்திருக்கிறீர்கள். இடம் பிடிக்கவே சீக்கிரம் போக வேண்டும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் கரையோரப் பறவைகளும் தள்ளிப் போயிருக்கும்.

செய்யக்கூடாதவை

ஆற்றில் இறங்காதீர்கள். தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் அடியில் இருக்கும், இழுப்பும் இருக்கும். இதில் ஆசிரியர்கள் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வரப்பில் நடப்பதற்கு முன் வயலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "பறவை பார்க்க வந்தோம் ஐயா, வரப்புல நடக்கலாமா?" என்று கேட்டால் அனுமதியோடு, எங்கே எது வரும் என்ற தகவலும் கிடைக்கும். அறுவடை நேரத்தில் எலி அதிகம், எலியைத் தேடிப் பாம்பும் வரும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு நிஜப் பறவையை வரவழைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று அந்தப் பறவை பதறி, இரை தேடுவதையும் விட்டுவிட்டு ஓடிவரும். இசைப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் ஆசை, குரலை வாயாலேயே திருப்பிச் செய்துவிடுவார்கள். வேனில் செய்து சிரித்துக்கொள்ளலாம், பறவைக்கு எதிரில் வேண்டாம். கூட்டைக் கண்டால் பத்தடி பின்வாங்கி வேறு வழியில் போங்கள். ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள்.

அரை நாள் மிஞ்சினால்

நிகழ்ச்சி முடிந்து அரை நாள் ஓய்வு கிடைத்தால், கோடியக்கரைக்கு ஆசைப்படாதீர்கள். பூநாரைகளைப் பார்க்க அருமையான இடம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002-லேயே சேர்ந்தது. ஆனால் தஞ்சையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். களைத்த குழுவை இழுத்துக்கொண்டு ஓட அது இடமில்லை, தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இரண்டு ஏரிகள் இருக்கின்றன. தஞ்சாவூர் மன்னார்குடி சாலையில் வடுவூர், 2022-இல் ராம்சர் தகுதி பெற்றது. அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி, அது 2024-இல் பெற்றது. புதியவர்களுக்கு வடுவூரைத்தான் சொல்வேன். சாலையோரத்திலேயே இருக்கிறது, கரையில் நடந்தபடியே பார்க்கலாம், வேனிலிருந்து இறங்கி அதிகம் அலைய வேண்டாம். கரைவெட்டிக்கு இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருவதுண்டு. அதற்காகவே போகிறோம் என்றால் அங்கே போங்கள்.

ஏரிக்குக் காலை ஆறரை அல்லது மாலை நாலு மணிக்கு மேல் போக வேண்டும். நடுப்பகலில் கானல் அசைந்து பைனாகுலரில் எல்லாம் நெளியும். வெயிலை முதுகுப் பக்கம் வைத்து நில்லுங்கள், இல்லையென்றால் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். அப்புறம், வாத்துக் கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போகாமல், ஏரியைக் கரையிலிருந்து உள்நோக்கிப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பாருங்கள். கரையோரச் சேற்றில் உள்ளான்கள். முழங்கால் தண்ணீரில் நீளக்கால்காரர்கள்: கீழ்நோக்கி வளைந்த அலகோடு அரிவாள் மூக்கன், அலகின் நடுவில் இடுக்கி போல் சந்து விட்ட நத்தை குத்தி நாரை. அந்தச் சந்து, நழுவும் நத்தையைப் பிடிப்பதற்கு வசதி. தாமரை இலைமேல் நீண்ட விரல்களோடு நடப்பது இலைக்கோழி. ஆழத் தண்ணீரில் நீந்துபவை சிறகிகளும் வாத்துகளும். கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு போவது பாம்புத்தாரா. தண்ணீருக்கு மேலே வெள்ளையாக அலைந்து அலைந்து பறப்பவை ஆலாக்கள். ஏரியில் உள்ள எல்லாவற்றின் பெயரும் முதல் நாளே தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டையிலும் ஒன்று தெரிந்தால் நல்ல தொடக்கம்.

சென்னைக்குத் திரும்பும் வழியில் நேரம் இருந்தால் மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதால், அந்த ஊர் மக்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையைத் தடுக்கக் கேட்டு, 1798-இல் கலெக்டரிடமிருந்து உரிமை எழுதி வாங்கினார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். இருநூறு வருடத்துக்கும் மேலாக ஒரு ஊர் பறவைகளைக் காத்து வந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் பிடிக்கும்.

பட்டியல் போடுவது

ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம். கீழே பறவை, எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாததை விட்டுவிடாமல் "மைனா அளவு, பழுப்பு முதுகு, கண்ணில் கருப்புப் பட்டை, முள்வேலி மேல்" என்று எழுதுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேர் சேர்ந்து படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் இப்போது எழுதிய வர்ணனை பழுப்புக் கீச்சானுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதையே, பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் பயன்படும். குழுவில் ஒருவர் ஏற்றி மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டால் போதும், எல்லோரும் தனித்தனியாக ஏற்ற வேண்டாம். பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் சேர்க்க வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் போட்டால் அந்தப் பட்டியலின் மதிப்பு குறைந்துவிடும். வேனில் வந்த முந்நூறு கிலோமீட்டரை ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். எந்தப் பறவை எந்த ஊரில் இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். நின்று பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல், பத்துப் பதினைந்து நிமிடம் என்றாலும் சரி.

பொங்கல் விடுமுறையை ஒட்டி உங்கள் பயணம் அமைந்தால், 2015-இலிருந்து தமிழ்நாட்டில் வருடந்தோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அந்தப் பட்டியல்கள் சேரும். பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்தாலே கலந்துகொண்டதாகிவிடும். அந்தத் தேதிகளைத் தவறவிட்டால், பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பு இருக்கிறது. உங்கள் பள்ளி வளாகத்திலோ பாட்டு வகுப்பு நடக்கும் தெருவிலோ செய்யலாம். திரும்பி வந்த வாரமே அதற்கு ஒரு நாளைக் குறித்து, யார் பைனாகுலர் கொண்டுவருவது என்பதையும் பேசி வைத்துவிடுங்கள்.